மயக்கத்தில் சாய்வு தெரியாது

ஜூன் 8, சனி

இல்லை, பெயரைப் பார்த்ததும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. எங்கள் கால்நடை கிளினிக் வாசலில் புதிதாக ஒரு நீலப் பலகை, வெள்ளை எழுத்து. டாக்டர் ராமபத்ரன், சனிக்கிழமைதோறும், அறுவைச் சிகிச்சை மட்டும். ஆணி அடித்தவர் கோணலாக அடித்திருந்தார். ஸ்டூல் போட்டு ஏறி நேராக்கினேன்.

உதவியாளர் ஜெசிந்தா அவரைத் தெரியுமா என்று கேட்டாள். கோயம்புத்தூரில் அவரிடம் வேலை பார்த்தேன் என்றேன். அது உண்மை.

மதியத்துக்குச் சற்று முன் வந்தார். முடி முழுக்க வெள்ளை. என்னைப் பார்த்ததும் நின்றார்.

"அடடே, வதனி. பல்லடத்துலயா இருக்க? எளைச்சுட்டியே கண்ணு."

கை கழுவப் போய்விட்டார்.

மறந்திருந்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவர் மறக்கவில்லை. அவருக்கு அது ஒரு விஷயமாகவே இல்லை.

ஜூன் 9, ஞாயிறு

துணி ஊறப்போட்டேன். மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை. வீட்டுக்காரர் மோட்டார் சுட்டுவிட்டது என்கிறார்.

ஒருமுறை எழுதிவிடுகிறேன். பிறகு எழுத வேண்டியதில்லை.

பொமரேனியன் நாய். பெயர் பனி. காதைக் கழுவுவதற்கு மயக்கம் கொடுக்க வேண்டும். இதயத்தில் முணுமுணுப்பு கேட்கிறது, அளவைக் குறைக்கலாம் என்றேன். கடைசி நேரத்தில் பயம் காட்டாதே என்றார் ராமபத்ரன். முழு அளவு போனது. பனி எழுந்திருக்கவில்லை. அவர் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு நேரே கூடத்துக்குப் போனார். நாயைக் கொண்டுவந்தவரின் தோளில் கை வைத்தார். புது டாக்டர், அனுபவம் இல்லை, கை நடுங்கிவிட்டது, நான் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்றார். கதவிடுக்கில் நின்று கேட்டேன்.

என் படம் முகநூலில் போனது. கீழே என்ன எழுதினார்கள் என்பது எனக்கு மனப்பாடம். அப்பா இப்போதெல்லாம் மகள் என்ன செய்கிறாள் என்று யாராவது கேட்டால் திருப்பூர் பக்கம் வேலை என்கிறார். டாக்டர் என்று சொல்வதில்லை.

அவ்வளவுதான்.

ஜூன் 12, புதன்

ஒரு பக் நாய். பெயர் பட்டன். கொண்டுவந்தவர் தெய்வானை, ஐம்பதைத் தாண்டியவர், தறிக்குடோனில் காலமெல்லாம் வேலை பார்த்து இப்போதுதான் நின்றிருக்கிறார். தறிச் சத்தம் அவர் காதைத் தின்றுவிட்டது. தனக்குக் கேட்காததால் மற்றவர்களுக்கும் கேட்காது என்று நினைத்துப் பேசுகிறார். கூடத்திலிருந்த லாப்ரடார் எழுந்து வெளியே போய்விட்டது.

"ஏனுங் டாக்டரு, இவன் தலைய சாச்சுக்கிட்டே நடக்கறானுங். மூளைல வியாதி, கருணையா ஊசி போட்டுருங்கன்னு ஒரு டாக்டரு சொல்லிப்போட்டாரு. நா அவருக்குப் போடச் சொன்னேன்."

பக் நாய்களுக்கு மூளை அழற்சி வருவது உண்டு. அதனால் தலை சாய்ந்த பக் என்றாலே பலர் மூளை என்று முடித்துவிடுகிறார்கள். நான் தரையில் உட்கார்ந்தேன். பாதத்தை மடித்துப் பின்புறம் தரையில் படும்படி வைத்தேன். உடனே திருப்பிச் சரியாக ஊன்றினான். நான்கு கால்களிலும் அப்படியே. மூளை கெட்டிருந்தால் பாதம் மடிந்தபடியே நிற்கும். கண்கள் படுக்கைவாட்டில் மட்டும் துடித்தன, வேகமாக இடப்பக்கம், மெதுவாக வலப்பக்கம். தலை வலப்பக்கம் சாய்வு. வலது உதடு தொங்கல். வலது கண்மணி சிறியது. வலது காதின் அடியை அழுத்தியதும் கடிக்க வந்தான்.

மூளை அல்ல. காது. வலது நடுக்காது, அங்கிருந்து உள்ளே பரவியிருக்கிறது.

அவன் பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்கினேன். இடப்பக்கம் குலுக்கினால் திரும்பினான். வலப்பக்கம் குலுக்கினாலும் இடப்பக்கமே திரும்பினான். தெய்வானையம்மா சிரித்தார். தனக்கும் பெரியாஸ்பத்திரியில் இப்படித்தான் பார்த்தார்களாம்.

மகள் சிங்கப்பூரில். நாய் மகள் விட்டுப்போனது. கேட்டைத் தட்டினால், டேங்க் நிறைந்து வழிந்தால், குக்கர் அடங்காமல் கத்தினால், பட்டன்தான் வந்து சேலையைப் பிடித்து இழுக்கிறான்.

"இவனுக்கும் கேக்காமப் போச்சுன்னா ஊட்டுல ரெண்டு செவுடுங்."

கேஸ் ஷீட்டில் எழுதினேன்: வலது.

ஜூன் 25, செவ்வாய்

பட்டனுக்கு மருந்து கேட்கவில்லை. கண் துடிப்பு குறைந்திருக்கிறது, சாய்வு அப்படியே. காதடியில் வலி கூடியிருக்கிறது. எக்ஸ்ரே எடுத்தேன், பக் நாயின் மண்டை மடித்துத் திணித்த துணி மாதிரி, எதுவும் பிரிந்து தெரியவில்லை. ஸ்கேனுக்குச் சென்னை போக வேண்டும். தெய்வானையம்மா வர மறுக்கிறார். பஸ்ஸில் ஏற்ற மாட்டார்களாம், காரில் இவன் வாந்தி எடுப்பானாம்.

தாடைக்கு அடியில் திறந்து, நடுக்காதை மூடியிருக்கும் எலும்புக் குமிழை உடைத்து, சீழை வழித்தெடுக்க வேண்டும். இந்தப் பக்கத்தில் அதைச் செய்யக்கூடியவர் ஒருவர்தான்.

அதைத் தெய்வானையம்மாவிடம் சொல்லும்போது என் குரல் சாதாரணமாக இருந்தது.

ஜூன் 29, சனி

ராமபத்ரன் விலங்குகளை விழித்த நிலையில் பார்ப்பதில்லை. ஊர் ஊராகப் போகிறவர். அவர் காரிலிருந்து இறங்கும்போது நோயாளி தூங்கியிருக்க வேண்டும், முடி மழித்திருக்க வேண்டும். முடிவெல்லாம் அதற்கு முன்பே வாட்சப்பில். கேஸ் ஷீட் அனுப்பினால் திட்டுவார். "கதை வேண்டாம் கண்ணு, வீடியோ அனுப்பு. நாயே சொல்லும் எனக்கு."

இன்று கிளம்பும்போது பட்டனைப் பற்றிச் சொன்னேன். வீடியோ என்றார்.

தெய்வானையம்மாவிடம் கேட்டேன். சாயங்காலம் வந்தது. பட்டனை மடியில் வைத்து எடுத்திருக்கிறார், பாதித் திரையில் அவர் மோவாய். அப்படியே ராமபத்ரனுக்கு அனுப்பிவிட்டேன்.

இட்லி மாவு புளித்துவிட்டது. ரவை கலந்து ஊற்றினேன்.

ஜூலை 1, திங்கள்

பதில் குரலில் வந்தது. பின்னால் கார் ஹாரன்.

"நல்ல கேஸ். இடது நடுக்காது. கிளாசிக். சனிக்கிழமை பண்ணிடலாம், இடது பக்கம் மழிச்சு ரெடியா வெச்சிரு."

இடது.

வீடியோவை மறுபடி பார்த்தேன். அதில் பட்டன் இடப்பக்கம்தான் சாய்ந்திருக்கிறான். பின்சுவரில் ஒரு காலண்டர், பனியன் கம்பெனி கொடுத்தது. எழுத்துகள் எல்லாம் திரும்பி நிற்கின்றன. தெய்வானையம்மாவுக்குத் தெரிந்த கேமரா ஒன்றுதான், மகளோடு பேசும் முன்பக்கக் கேமரா. அது கண்ணாடி போலப் பதிவு செய்திருக்கிறது.

வலது இடதாகிவிட்டது.

மதியம் ஒரு பூனைக்குத் தையல் பிரித்தேன். இரண்டு தடுப்பூசி. மாலையில் அவரிடமிருந்து இன்னொரு செய்தி. எழுத்தில். இடதுதானே, உறுதியா?

கட்டைவிரல் குறியை அனுப்பினேன்.

கட்டைவிரல் என்றால் கிடைத்தது என்று பொருள். எல்லாரும் அப்படித்தான் அனுப்புகிறார்கள்.

ஜூலை 3, புதன்

என் கேஸ் ஷீட்டில் வலது என்று இருக்கிறது. தேதியோடு, கையெழுத்தோடு. அதைப் படம் எடுத்து என் மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொண்டேன். நல்ல பழக்கம் அது. கல்லூரியில் சொல்லித்தந்தார்கள்.

மூத்தவர் ஒருவரின் முடிவில் இளையவர் குறுக்கிடலாமா? ஒருமுறை குறுக்கிட்டேன். என்ன கிடைத்தது என்று தெரியும்.

மயக்கத்தில் சாய்வு தெரியாது. கழுத்துத் தசை தளர்ந்ததும் தலை நேராகிவிடும். உதடு இரு பக்கமும் ஒரே மாதிரி தொங்கும். வெளிக்காது இரண்டும் சுத்தம். பக் நாயின் காதுக் குழாய் அவ்வளவு குறுகல், செவிப்பறை வரை யாரும் எட்டிப் பார்க்க முடியாது. மேஜையில் கிடக்கும் நாய் அவரிடம் எதையும் சொல்லாது.

குமிழை உடைத்ததும் தெரியும். சீழ் இருக்காது. வெறும் காற்று, மெல்லிய இளஞ்சிவப்புத் தோல். அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். மாஸ்க்குக்கு மேலே கண்கள் மட்டும். பிறகு அவர் கூடத்துக்குப் போவார். இந்த முறை நான் கதவிடுக்கில் நிற்க மாட்டேன். பின்னாலேயே போவேன். கேஸ் ஷீட்டோடு.

இன்று நன்றாகச் சாப்பிட்டேன். இரண்டு முறை சோறு வாங்கிக்கொண்டேன்.

ஜூலை 5, வெள்ளி

தெய்வானையம்மா வந்தார், நாளைக்கு எப்போது வர வேண்டும் என்று கேட்க. ஃபோனில் கேட்டால் காதில் விழாதாம். பட்டனையும் கூட்டி வந்திருந்தார். வலப்பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்து என் செருப்பின் மேல் விழுந்தான்.

காலை எதுவும் தின்னக் கொடுக்க வேண்டாம் என்றேன். தண்ணீர்கூட வேண்டாம். கத்திச் சொன்னேன். தலையாட்டினார்.

"அந்தப் பெரிய டாக்டரு நல்லாப் பண்ணுவாருங்ளா?"

பேர் பெற்றவர் என்றேன்.

"நீங்க கூட இருப்பீங்ளா?"

இருப்பேன் என்றேன். அது போதும் என்பதுபோல எழுந்து போனார்.

குமிழின் உள்சுவரை ஒட்டித்தான் உட்காது இருக்கிறது. சுரண்டும்போது அது போனால் கேட்கும் திறனும் போகும், சமநிலையும் போகும். ஒரு பக்கம் ஏற்கெனவே போயிருந்தால் நாய் எழுந்து நிற்காது. இது பாடப்புத்தகத்தில் இருப்பது. புதிதாக நான் ஒன்றும் எழுதிவிடவில்லை.

ஜூலை 6, சனி

வரிசையாக எழுத வேண்டும். முயல்கிறேன்.

காலையில் பட்டனின் தாடைக்கு அடியில் இடப்பக்கத்தை மழித்தேன். ஜெசிந்தா பிடித்துக்கொண்டாள். அவன் கழுத்து என் கையில் வலப்பக்கம் இழுத்துக்கொண்டே இருந்தது. ஜெசிந்தா அதைப் பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் கேட்கவில்லை.

முதல் ஊசி போட்டேன். கண் பாதி மூடியது. ஜெசிந்தா கருவித் தட்டை மேஜையில் வைத்தாள், வேகமாக. உலோகச் சத்தம். பட்டன் அசையவில்லை. இடது காது மட்டும் எழுந்து சத்தத்தின் பக்கம் திரும்பியது. சற்று நேரம் அப்படியே நின்றது. பிறகு மடிந்தது.

நான் மூச்சுக்குழாய்க்குள் குழாய் செருகி, மயக்க வாயுவைத் திறந்தேன். தலை நேரானது.

ராமபத்ரன் வந்தார். கையுறை. விளக்கை இறக்கினார். தாடைக்கு அடியில், மழித்த இடத்தில், விரலால் எலும்பைத் தேடினார். கத்திக்குக் கை நீட்டினார். ஜெசிந்தா கொடுத்தாள்.

"சார், வலது."

நிமிரவில்லை. "வீடியோல இடது."

"வீடியோ திரும்பிப் பதிவாகியிருக்கு, சார். பின்னால காலண்டரப் பாருங்க."

"கத்திய வெச்சுட்டுக் காலண்டர் பாக்கணுமா?"

ஜெசிந்தா சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

"உறுதியான்னு கேட்டதுக்குக் கட்டைவிரல் காமிச்சியே கண்ணு. போன தடவையும் கடைசி நிமிஷத்துலதான் வாயத் தொறந்த."

கத்தி இறங்கியது. தோலில் படவில்லை, ஒரு நகக்கண் அளவு இடைவெளி.

என் வார்த்தைக்கு அங்கே மதிப்பில்லை. அதை நானே இல்லாமல் செய்திருந்தேன். மிச்சம் இருந்த சாட்சி நாய் ஒன்றுதான். வாயுவை மூடினேன். முதல் ஊசியின் மயக்கத்தை முறிக்கும் மாற்று ஊசியை ஏற்றிவைத்திருந்தேன், எப்போதும் ஏற்றிவைப்பது. அதைத் தொடையில் போட்டேன்.

என்ன செய்கிறாய் என்று இரண்டு முறை கேட்டார். பிறகு கேட்கவில்லை. கத்தியைத் தட்டில் வைத்தார். நாங்கள் மூவரும் மேஜையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மூச்சு வேகமானது. நாக்கு அசைந்தது. குழாயை உருவினேன். பட்டன் தலையைத் தூக்கினான். தூக்கிய தலை வலப்பக்கம் சரிந்து, உடம்பையும் இழுத்துக்கொண்டு, மேஜை விளிம்பில் என் வயிற்றில் வந்து முட்டியது.

மழித்த இடப்பக்கம் விளக்கில் வெளுத்துத் தெரிந்தது.

ராமபத்ரன் ஜெசிந்தாவிடம் துண்டு எடுத்துவரச் சொன்னார். அவள் போனதும் கையுறையை ஒவ்வொரு விரலாக உருவினார்.

"திங்கக்கெழமையே பாத்துட்ட. இல்ல?"

பட்டனை விளிம்பிலிருந்து உள்ளே நகர்த்தினேன்.

"நானா இருந்தாலும் பண்ணியிருப்பேன்." குரலில் கோபம் இல்லை. "சரி, விடு. மயக்கம் ஒத்துக்கல, அடுத்த வாரம் பாக்கலாம்னு வெளிய நான் சொல்லிக்கறேன். உம் பேரு வராது. உன்ன நான் பாத்துக்கறேன் கண்ணு."

அவர் கதவை நோக்கி நடந்தார், அதே நடை, அதே மாஸ்க்கைக் கழற்றும் கை. இந்த முறை அவர் என்னைக் காப்பாற்றப் போகிறார். அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து இளைத்துவிட்டாயே என்பார். நான் சிரிக்க வேண்டியிருக்கும்.

அவரைத் தாண்டிக்கொண்டு முதலில் வெளியே போனேன்.

கூடம் நிறைந்திருந்தது. தெய்வானையம்மா எழுந்தார். நான் சொன்னேன். அவர் கையைக் காதுக்குக் குவித்து, "கேக்கலீங், சத்தமாச் சொல்லுங்" என்றார்.

சத்தமாகச் சொன்னேன். "அவர் தப்பான பக்கத்தை வெட்டப் போனார். இடது. நல்லா இருக்கற காது."

ராமபத்ரன் பின்னால் வந்து நின்றது தெரிந்தது. கூடத்தில் யாரோ ஃபோனை எடுத்தார்கள்.

"எனக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சும் சொல்லல."

"எப்பருந்து?"

"திங்கக்கெழமைலருந்து."

"நேத்து நா வந்தனே, அப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

தெய்வானையம்மா பட்டனைக் கேட்டார். ஜெசிந்தா துண்டில் சுற்றிக் கொண்டுவந்தாள். வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இதை நல்லெண்ணத்தில் செய்ததாக எழுதலாம். யாரும் சரிபார்க்கப் போவதில்லை. ஆனால் கத்திச் சொல்லும்போது நான் தெய்வானையம்மாவைப் பார்க்கவில்லை, அவருக்குப் பின்னால் இருந்த கண்ணாடிக் கதவில் ராமபத்ரனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் விழுந்தேன், அவரும் கூடவே விழுந்தார். இனித்தது. இப்போதும் இனிக்கிறது.

ஜூலை 7, ஞாயிறு

துணி துவைத்தேன். ஜெசிந்தா ஃபோனை எடுக்கவில்லை.

ஜூலை 8, திங்கள்

கிளினிக் முதலாளி கூப்பிட்டார். மாதக் கடைசி வரைக்கும் இருக்கலாம், அதற்கு மேல் வேண்டாம் என்றார். கூடத்தில் எடுத்த வீடியோ சுற்றுகிறதாம். அதில் இரண்டு பேர் முகமும் தெரிகிறதாம். பலகையைக் கழற்றலாமா என்று அவருக்கு இன்னும் முடிவாகவில்லை.

அப்பா அழைத்தார். பார்த்திருக்கிறார். அந்த நாய்க்கு என்ன ஆச்சு என்று கேட்டார்.

ஜூலை 9, செவ்வாய்

தெய்வானையம்மா வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

பட்டனுக்கு வலி தாங்கவில்லையாம். கஞ்சியை முகர்ந்துவிட்டு விலகிவிடுகிறானாம். வேறு இரண்டு டாக்டர்களிடம் கேட்டிருக்கிறார். இருவரும் ராமபத்ரன் பெயரைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

"அவரே பண்ணட்டும். நீங்களும் நில்லுங்."

நான் புரியாமல் பார்த்தேன்.

"அவரு தப்புப் பண்ணா நீங்க உடமாட்டீங். நீங்க பண்ணா அவரு உடமாட்டாரு. ஒருத்தர ஒருத்தர் கடிச்சுத் திங்கப் பாத்துக்கிட்டே நிப்பீங்கல்ல, அப்பிடியே நில்லுங். எம் பட்டனுக்கு அதுதான் வேணும்."

அவர் வரமாட்டார் என்றேன்.

"வருவாரு. நேத்து அவரு ஊட்டுக்குப் போயிட்டுத்தான் வாரேன். வாசல்ல நின்னே பேசுனேன். எனக்கு மெதுவாப் பேச வராதுங்களே."

படி இறங்கும்போது திரும்பினார். "உங்கள நா மன்னிச்சுட்டன்னு நெனச்சுக்காதீங்."

ஜூலை 13, சனி

தெய்வானையம்மா முகத்தில் மாஸ்க்கோடு சுவரோரம் நின்றார். ஜெசிந்தா என்னிடம் பேசவில்லை, ஆனால் வந்திருந்தாள். ராமபத்ரன் மயக்கத்துக்கு முன்பே வந்துவிட்டார். தரையில் குனிந்து, முழங்காலில் கை ஊன்றி, பட்டன் நடப்பதைப் பார்த்தார். அவன் வலப்பக்கம் சுற்றி அவர் காலில் விழுந்தான். பாதத்தை அவரும் மடித்துப் பார்த்தார். உதட்டைத் தூக்கிப் பார்த்தார். என்னைக் கண்ணு என்று கூப்பிடவில்லை.

வலப்பக்கத்தை மழித்தேன். மயக்கம் கொடுத்தேன், நான் கணக்கிட்ட அளவில். அவர் சிரிஞ்சை வாங்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அவர் திறந்தபோது நான் ஒவ்வொரு அடுக்காகப் பார்த்தேன். ரத்தக்குழாய்க்குப் பக்கத்தில் கத்தி போனபோது சொன்னேன். தெரியும் என்றார். இருந்தாலும் விலக்கினார்.

எலும்பு உடைந்தது. சீழ் வந்தது, கெட்டியாக, மஞ்சளாக, நாற்றத்தோடு. தெய்வானையம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ராமபத்ரன் உட்சுவரைத் தொடாமல் வழித்தார். மிக மெதுவாக. கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று ஒரு கணம் நினைத்தேன். அதையும் எழுதிவைக்கிறேன்.

தைத்து முடித்ததும் அவர் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, யாரையும் பார்க்காமல் காருக்குப் போய்விட்டார்.

நான் வாயுவை மூடினேன். பட்டனைத் தரையில் துண்டின் மேல் கிடத்தி, பக்கத்தில் உட்கார்ந்து, அவன் மயக்கம் தெளிந்து எச்சில் விழுங்கத் தொடங்கும் வரை காத்திருந்து, குழாயை உருவினேன்.